நாலாவது ஊதுபத்தி

எங்கள் குளத்துத் தண்ணீரை ஊதுபத்தி வைத்துத்தான் பிரிப்போம். ஒரு நாளைக்கு ஐந்து வயல், எல்லாம் ஒரே அளவு. வயலுக்கு ஒரு பத்தி. எரிந்து முடிந்ததும் அந்த மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். பதினோரு வருடமாக அது என் வேலை. மண்வெட்டியோடு வரப்பில் போனால் எல்லோரும் என் பெயரைச் சொல்லி "தோ அண்ணே" என்று கூப்பிட்டுப் பாக்கு நீட்டுவார்கள். மற்றபடி என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

அந்த வருடம் கடைசி முறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அதே பத்திதான், ஆனா எங்க வயல் மட்டும் பாதிதான் நனையுது. எப்படிண்ணே?"

நான் ஒரு குச்சியைக்கூடக் குறைத்ததில்லை. அதைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. சியூகிம்தான் பேசினாள். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் என்னோடு சேர்ந்தவள். நான் கூட்டலில் தடவிக்கொண்டிருக்கும்போது வகுத்தலை முடித்துவிட்டு வேர்க்கடலை உரிப்பாள்.

"அண்ணன் மேல தப்பு இல்ல. பத்தி மாறல, தண்ணியோட வேகம் மாறுது. குளம் இறங்க இறங்க வேகமும் குறையுது. எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சா, பின்னாடி வர்றவங்களுக்குப் பத்தியை நீட்டிக்கலாம்."

"அப்ப மண்வெட்டியையும் நீயே தூக்கிக்க" என்று ஒருவன் சிரித்தான்.

ஊர்த்தலைவர் கோ சிரிக்கவில்லை. "கணக்கு சரியா வந்தா கொடுத்துட வேண்டியதுதான்."

என் வயிறு எரிந்தது.

மறுநாள் அவள் கோடு போட்ட மூங்கிலைக் குளத்தில் நட்டாள். பத்தி கொளுத்துவது நான். முதல் பத்திக்குக் குளம் இருபது கோடு இறங்கியது. அடுத்ததற்குப் பதினெட்டு. மூன்றாவதற்குப் பதினாறு.

"ரெண்டு ரெண்டா குறையுது. அடுத்தது பதினாலு பாருங்க" என்றாள். நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

நாலாவது ஆஹுவாத் வயல். காற்று படாமலிருக்கப் பத்தியைத் தகர டப்பாவுக்குள் வைப்பேன். என்னைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என் வீட்டுச் சாமி மாடத்தில் ஏற்றுகிற மெல்லிசுக் குச்சி ஒன்று சட்டைப்பைக்குள் இருந்தது. அதைக் கொளுத்தினேன். பாதி நேரத்தில் எரிந்துவிட்டது. மடையை அடைத்தேன்.

குளம் இறங்கியது ஏழே கோடு.

"பதினாலுன்னு சொன்னியேம்மா" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கு மெல்லாமலே எனக்கு வாய் சிவந்த மாதிரி இருந்தது.

ஐந்தாவதற்கு நல்ல பத்தியே வைத்தேன். பதிமூன்று.

அவள் கோட்டுக் கணக்கை எழுதிவந்த தாளில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தாள். "குளத்துக்குள்ள புதுசா தண்ணி வரல. அப்புறம் ஏழுக்கு விழுந்த வேகம் பதிமூணுக்கு எப்படி ஏறும்? தண்ணி அப்படிப் போகாது. நாலாவது பத்திதான் பாதி நேரத்துல எரிஞ்சு முடிஞ்சிருக்கு."

எல்லோர் முகமும் டப்பாவின் பக்கம் திரும்பியது.

"சில கட்டுல மெல்லிசுக் குச்சி கலந்து வந்துடும்" என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை.

ஆஹுவாத் துள்ளினான். "என் பாதித் தண்ணிக்கு யாரு பதில்?"

"நாளைக்கு முதல் முறை தோ அண்ணன் வயலுக்கு. அதுல கொடுப்பாரு."

அப்போதுதான் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. "அரைப் பத்தி கொடுத்துடறேன்" என்றேன்.

"அரை எதுக்கு? ராத்திரி வாய்க்கால் தண்ணி வந்து குளம் நிறைஞ்சிடும், வேகமா ஓடும். ஆஹுவாத் அண்ணனுக்குக் குறைஞ்சுபோனது ஏழு கோடு, முதல் பத்திக்கு இறங்கறது இருபது. மூணுல ஒரு பங்கு பத்தி போதும்."

தலைவர் அங்கேயே என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி அவளிடம் கொடுத்தார். யாரும் மறுக்கவில்லை, நானும்தான்.

காட்டிக்கொடுத்திருந்தால் அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். என் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் இன்றைக்கும் செரிக்கவில்லை.