கலிங்கில் கட்டிய வலை

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்: மாயவன் ஆதிமூலத்துக்குத் தரவேண்டிய கடன் அது. அதற்கு ஈடாகவே, கல்வராயன் மலைமேல் கார்த்திகை முகில் கவிந்து இருண்ட அம்மாலையில், மேலேரியின் மிகைநீர் வழியும் கலிங்கின்மேல் நனைந்தபடி அவன் காவல் நின்றான்.

மலையிறங்கிய நீர் மேலேரியை நிறைத்து, மிகுந்தது கலிங்கு வழிந்து நடுவேரிக்கும், அதுவும் நிறைந்து கடையேரிக்கும் செல்லுமாறு, நூலில் கோத்த மணிகளைப்போல் மூன்றையும் முன்னோர் ஒரே ஓடையில் இணைத்து வைத்தனர். ஒன்றின் மிச்சமே மற்றொன்றின் உணவு. நாரையும் பாம்புத்தாராவும் அடைந்து கூச்சலிட வேண்டிய கருவேல மரங்களோ அன்று வெறுமையாய், வாயடைத்து நின்றன. நீர்ப்பாம்புகள் கரையேறிப் புல்லில் சுருண்டு கிடந்தன. மீன்குத்தகை எடுத்த ஆதிமூலம், ஒரு குஞ்சும் தப்பலாகாதெனக் கலிங்கின் வாயெல்லாம் கட்டிய வலை, ஆகாயத்தாமரையும் சருகும் அப்பிச் சுவரென இறுகிப்போக, வழியிழந்த நீர் கரையின் தலையை நக்கத் தொடங்கியது.

குடைபிடித்து வந்த ஆதிமூலத்திடம் மாயவன் சொன்னான்: "அண்ணா, கரை கசியுதுங்க. வலையை அறுத்துடறேன்."

"இன்னாடா பேசற? போற மீனெல்லாம் உன் கணக்குல தான் ஏறும். வாங்கின கடன் கம்மின்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

"மூணு ஏரியும் ஒண்ணா ஒடைஞ்சா, கடன் கேக்கறதுக்கு ஆளே இருக்காதுங்க. கீழ எம் பொண்டாட்டி சோறாக்கிக்கினு இருக்கா."

அவன் சொல்லி முடிக்கும் முன்னே கரையில் ஒரு முழம் மண் சரிந்து நீரில் விழுந்தது. மாயவன் அரிவாளைப் பல்லில் கவ்வி இறங்கினான். கயிறு ஒவ்வொன்றாய் அறுபட்டது. கடைசிக் கயிறு தெறித்ததும், கட்டறுத்த களிற்றைப்போல் முழங்கிப் பாய்ந்த வெள்ளம், வலையையும் மீனையும் அவனையும் ஒருசேர வாரிக்கொண்டு போயிற்று.

கரை நின்றது. மூன்று ஏரிகளும் நின்றன.

விடியலில், கடையேரிக் கலிங்கின் கல்லில் சிக்கிக் கிடந்தது வலை. அதனுள் மீன்களோடு மீனாய் மாயவன். அவன் தலையை மடியில் ஏந்திய மனைவி சின்னப்பொண்ணு, அழுகை வற்றிய கண்ணால் ஆதிமூலத்தை நிமிர்ந்து நோக்கினாள்.

"இன்னும் எவ்ளோ தரணுங்க?"

நீரின் வழியை மறித்தவன் ஒருவன், அதற்கு விலை கொடுத்தவன் அவனிடம் கடன்பட்டவன்; படிப்போரே, உலகின் பழைய கணக்கு இது. கருவேல மரங்களுக்கு நாரைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பிக்கொண்டிருந்தன. ஆதிமூலம் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்:

"ஒண்ணுமில்லம்மா. தீந்துபோச்சி."