விடவில்லை

டோனல் கையை நீட்டியபடியே நின்றிருந்தான். வருகிறவர்கள் பற்றிக் குலுக்கினார்கள், "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்" என்றார்கள், அவனுக்கு அடுத்து நின்ற அக்கா இமெல்டாவிடம் நகர்ந்தார்கள். அதோடு நகர்ந்திருந்தால் தேவலை. பாதிப் பேர் அவன் கையை விடாமல் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்.

"கடைசியா ஒரு தடவ பாக்கக்கூட உன்ன விடலையாமே. பாவிங்க."

டோனல் தலையை மட்டும் ஆட்டினான். கழுத்து வலித்தது.

முன்னறை ஜன்னலோரம் சவப்பெட்டி இருந்தது. உள்ளே அப்பா மோஸி டூமி, எண்பத்தொரு வயது, துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். நீலக் கோட்டு, டை, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. பக்கத்து வீட்டு பாட்ஸி பெட்டிக்குள் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"டை கட்டி இவன நான் பாத்ததே இல்ல. கல்யாணத்தன்னைக்கே பாதிலயே கழட்டிப் பையில போட்டுக்கிட்டான். இப்ப கழட்ட முடியாதுன்னு தெரிஞ்சு கட்டி விட்டுட்டீங்க." சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டோனலைப் பார்த்தார். "ஒரு ஆள விட்டா கப்பல் கவுந்துருமாடா? என்ன மனுசங்க!"

கப்பல் கவிழ்ந்திருக்காது. அது டோனலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் டோனல் வேலை பார்க்கும் கடற்படை ரோந்துக் கப்பல் சிசிலியில் ஒரு துறைமுகத்தில் நின்றது. லிபியக் கரைக்கு வெளியே ஆயுதக் கடத்தலைத் தடுக்கிற வேலை. இத்தாலிக்காரர்கள், கிரேக்கர்கள் என்று பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து செய்வது. சந்தேகப்பட்ட கப்பலை நிறுத்தியதும் சோதனைக் குழுவை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டு போய், ஆடுகிற அலையில் அதன் விலாவோடு ஒட்டி நிறுத்துவது டோனல். நாற்பத்தாறு வயதில் அந்தக் கப்பலில் அவனைவிட நன்றாக அதைச் செய்ய ஆள் இல்லை. இதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

கேப்டன் லெனிஹன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். "உங்கப்பாவுக்கு ரெண்டு வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம், டூமி. நாளைக்குக் காலைல ஒரு விமானம் இருக்கு. பேர் குடுத்துட்டேன். கெளம்புங்க."

"படகு ஓட்ட ஆள் வேணும், மேடம்."

"ஆள் இருக்கு."

"அப்பாவே வேலைய விட்டுட்டு வராதம்பார், மேடம்."

"நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். அவன் யோசிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேல்தளத்துக்குப் போய் இமெல்டாவுக்குப் போன் போட்டான். "விட மாட்டேங்கறாங்க, இமெல்டா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஏன் போக மறுத்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். பிப்ரவரியில், கப்பல் கிளம்பும் முன், இமெல்டா கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டி வந்தது. தொட்டியில் உட்கார்ந்திருந்த அப்பா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லிக் குழந்தைபோல் அழுதார். உட்கார்ந்த இடத்திலேயே மலமும் போயிருந்தார். டோனல் அந்தக் கையைப் பிரித்தெடுத்துவிட்டு, நனைந்த சட்டையோடு தெருவில் வந்து நின்றுவிட்டான். பாட்ஸிதான் உள்ளே போய் மிச்சத்தை முடித்தார். அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பேசியிருந்தால்கூடக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இமெல்டா சும்மா இருக்கிறவள் இல்லை. உள்ளூர் வானொலிக்குப் போன் செய்து, சாகக் கிடக்கிற தகப்பனைப் பார்க்க மகனை விடாத கடற்படையைப் பற்றி ஒன்பது நிமிஷம் பேசினாள். ஊரே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார்கூட ஜாடையாகச் சொன்னார். தனி ஆட்கள் விஷயத்தைப் பொதுவில் பேசுவதில்லை என்று கடற்படையிலிருந்து ஒரு வரி வந்ததோடு சரி. வானொலிப் பேச்சு கப்பலுக்கும் எட்டியது. உண்மை தெரிந்தது கப்பலில் இரண்டே பேருக்குத்தான். அதில் ஒருத்தி எதுவும் கேட்கவில்லை. மற்றவன் திரும்பி வந்த வழியெல்லாம் அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தான்.

நேற்றுக் காலை கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, குன்றுமேல் வரிசையாக நிற்கிற வீடுகளில் அவர்கள் வீட்டு மாடி ஜன்னலில் அம்மாவின் ரோஜா நிறப் படுக்கை விரிப்பு தொங்கியது. டோனலின் கப்பல் உள்ளே வரும்போதெல்லாம் அப்பா அதைக் கட்டித் தொங்கவிடுவார். இருபது வருஷ வழக்கம். "டூமி, உங்க வீட்ல துணி காயுது!" என்று பையன்கள் கேலி செய்தார்கள். டோனலும் சிரித்தான். அப்பா இருக்கிறார் என்று நினைத்தான். இருக்கிறார் என்றதும் முதலில் வந்தது சந்தோஷம்கூட இல்லை, இனி அவசரமில்லை என்ற நிம்மதிதான். எல்லாக் கயிறும் கட்டி முடித்து, தேவையில்லாமல் படகையும் ஒருமுறை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

அப்பா முந்தின நாள் மாலையே போயிருந்தார். "ராத்திரி தாண்டினா வந்துரப்போற. கடல்ல இருக்கறவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள் இமெல்டா. "தெனமும் கட்டியாச்சா, கட்டியாச்சான்னு உயிர எடுத்தார்டா. போன வாரமே கட்டிட்டேன்."

இன்று மதியம் மூன்றரை மணிக்குப் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. வாசலில் கேப்டன் லெனிஹன் நின்றாள். சீருடையில் இருந்தாள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரத் தட்டு ஒன்றைப் பிடித்திருந்தாள்.

"வரட்டும்" என்றாள் இமெல்டா, டோனலுக்கு மட்டும் கேட்கும்படி. "அப்பா முன்னாடியே கேக்கறேன்."

"இமெல்டா, வேணாம்."

"நீ அந்தம்மாகிட்ட வேல பாக்கறவன். உன்னால பேச முடியாது. எனக்கென்ன பயம்?"

கேப்டன் பெட்டியருகே தலை குனிந்து நின்றுவிட்டு வந்தாள். இமெல்டா கை நீட்டவில்லை. தட்டையும் வாங்கவில்லை.

"பதினெட்டு நாள்" என்றாள் இமெல்டா. "பதினெட்டு நாள் எங்கப்பா மாடி ஜன்னலையே பாத்துட்டுக் கெடந்தார். அவன் எங்க, அவன் எங்கன்னு. அவங்களால அவன விட முடியாதுப்பா, அவன் இல்லாம அங்க நடக்காதுன்னு நான் பொய்யாப் பெருமை பேசிச் சமாளிச்சேன். ஊருல இருக்கற கடலெல்லாம் காவல் காப்பீங்க. ஒரு கெழவன் சாகறப்ப அவன் புள்ளைய விட மாட்டீங்க. உங்களுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பாரில்ல?"

கேப்டனின் கழுத்து சிவந்தது. டோனல் வாயைத் திறந்தான். அவள் சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள், சொல்லித் தொலைத்தால் நல்லது என்று நினைத்தான். தான் சொல்லலாம் என்பதையும் நினைத்தான். நினைத்தபடியே நின்றான்.

"நீங்க சொல்றது சரி" என்றாள் கேப்டன். "அவர் இங்க இருந்திருக்கணும். என்னை மன்னிச்சுக்கங்க."

பாட்ஸியின் மனைவி எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். கேப்டன் கை காலியானதும் டோனலிடம் நீட்டினாள். "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன், டூமி." மற்றவர்கள் சொன்னதேதான். அவள் கை சில்லென்று இருந்தது.

செங்குத்தான தெருவில் அவள் பாதி தூரம் இறங்கிவிட்டபோது டோனல் ஓடிப்போய் மறித்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மேடம், ஏன் சொல்லல?"

"உங்கப்பாவ வெச்சிருக்கற ரூம்ல நின்னு உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "எனக்கு அந்த வாசல் தாண்டினா முடிஞ்சுது. நீங்க உள்ள போகணும்."

உள்ளே பெண்கள் இமெல்டாவைச் சூழ்ந்திருந்தார்கள். "நல்லாக் குடுத்த" என்றாள் ஒருத்தி. யாரோ டோனலின் தோளைத் தட்டினார்கள். ஆப்பிள் பையை அதற்குள் வெட்டிவிட்டார்கள். ஒரு துண்டு அவன் கைக்கும் வந்தது. அவன் அதை மாடிப்படியில் வைத்துவிட்டு மேலே அப்பாவின் அறைக்குப் போனான்.

சற்று நேரத்தில் இமெல்டாவும் வந்தாள். அழுதிருந்தாள். ஜன்னலைத் தூக்கி விரிப்பின் முடிச்சை அவிழ்த்தாள். "அந்தம்மா எதிர்த்துப் பேசும்னு நெனச்சேன். ஒண்ணுமே பேசல. சப்புன்னு போச்சு. இந்தா, இதப் பிடி."

ஈரத்தில் விரிப்பு கனத்தது. டோனல் இரண்டு முனைகளைப் பிடித்தான். அவள் இரண்டைப் பிடித்து எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் போனாள். இழுத்து உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தார்கள்.

"திங்கக்கெழம எம்.பி. வீட்டுக்கு வர்றார்" என்றாள். "நான் எழுதிப்போட்ட கடுதாசியப் பாத்துட்டார். நீ உன் வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம், விசாரணை வெச்சிருவாங்களாம். இனிமே எவன் அப்பனும் இப்படி ஜன்னலப் பாத்துட்டே சாகக்கூடாது. ம், வா."

அவள் முனைகளோடு இரண்டு அடி முன்னே வந்தாள். டோனல் நகரவில்லை.

"என்னடா? வா."

"இமெல்டா, என்னை விட்டாங்க."

"என்ன?"

"விமானத்துக்குப் பேர் குடுத்து அனுப்பப் பாத்தாங்க. நாந்தான் வரல. எனக்குப் பயமா இருந்துச்சு."

கீழே ஜெபமாலை தொடங்கியது. பாட்ஸியின் குரல் முன்னால் போக, மற்றவர்கள் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்கள்.

"நான் அப்பாகிட்ட..." என்று தொடங்கினாள் இமெல்டா. முடிக்கவில்லை. அதற்கப்புறம் அவள் ஒரு அடியும் கிட்டே வரவில்லை. பிடித்திருந்த முனைகளை விடவும் இல்லை. இருவருக்கும் நடுவில் தொய்ந்த விரிப்பிலிருந்து மழைத்தண்ணீர் அப்பாவின் கட்டில் விளிம்பில் சொட்டியது.