மீதி ஒன்பதாயிரம் பேர்

ரோமானியர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட ஃபார்சலஸ் போரில், தோற்ற பக்கத்தில் பதினைந்தாயிரம் பேர் இறந்ததாக ஒரு மூலநூல் சொல்கிறது. ஆறாயிரம் என்கிறது இன்னொன்று. மீதி ஒன்பதாயிரம் பேர் எங்கள் வரலாற்றுத் துறையின் நடைவழியில் நிற்கிறார்கள். நான் என் ஆய்வேட்டில் ஓர் எண்ணை எழுதும்வரை அவர்கள் உட்காரக் கூடாது.

நடைவழி முன்பு நாற்பது அடி. ரோமானிய வீரர்கள் வந்த பிறகு அது தானாகவே நீண்டது. என் மேசைக்குப் போக இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. வழிவிடும்போது அவர்கள் கேடயத்தை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

என் நெறியாளர் ஞானசௌந்தரம் சார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவுக்கு வாம்மா செண்பகவல்லி. பரீட்சைக்கு இடம் வேணும்."

"ரெண்டு பேரும் நேர்ல பாத்து எழுதினவங்க சார். யாரை நம்ப?"

"மூணாவது சாட்சி உண்டா?"

"வெளியே ஒன்பதாயிரம் பேர் நிக்காங்க."

"அவங்கள்ட்ட கேளு."

அலுவலகத்தில் எழுத்தர் எபனேசர் சாட்சிப் படிவம் கொடுத்தார். பெயருக்குக் கீழே இரண்டு கட்டங்கள்: இருக்கிறார், இறந்தார்.

"ஒண்ணுல டிக் அடிக்காம சாட்சி செல்லாது," என்றார்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சாட்சியே வேணும்."

"படிவம் அப்படித்தான் வந்திருக்கு."

வரிசையில் முதலில் நின்றவர் பெயர் வீபியுஸ். முப்பது வயதிருக்கும். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். முடிவு தெரியாமல் குடிக்க மாட்டேன் என்றார்.

"சண்டையில என்ன நடந்துச்சு?"

"எங்க அண்ணன் எதிர்ப்பக்கம். தூசிக்குள்ள என்னைப் பாத்துட்டான். வாளை ஓங்கினான்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் இங்க வந்து நிக்கேன்."

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"பதினைஞ்சாயிரம்னு எழுதினா அவன் என்னை வெட்டிட்டான். ஆறாயிரம்னா வெட்டலை. பாத்து எழுதுங்கம்மா. நான் செத்தாப் பரவால்ல. அவன் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

இரண்டு நூல்களையும் மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். வென்ற தளபதி எழுதிய பதினைந்தாயிரத்தில் பெருமை தெரிந்தது. அவர் படையிலேயே இருந்த இன்னொருவரின் எண்ணில் வெட்கம் தெரிந்தது. இரண்டுமே ஆதாரம் ஆகாது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆறாயிரம் என்று எழுதினேன். அது ஆய்வு அல்ல என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மேசையில் தாள்கள் பறந்தன. வீபியுஸ் தண்ணீரை முழுவதும் குடித்தார். பிறகு முகத்தைக் கேடயத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதார்.

"வெட்டலை," என்றார். "எங்க அண்ணன் வெட்டலை."

வரிசை நகர்ந்தது. வாசல்வரை நானும் கூடப் போனேன். வீடு திரும்புவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் வெளியே போய் அணிவகுத்தார்கள்.

"ஊருக்குப் போகலையா?"

"உயிரோட இருக்கவங்க எல்லாரும் ஆப்பிரிக்காவுக்கு வரணுமாம். அடுத்த போர் அங்க."

"அண்ணன்?"

"அவனும் வாரானாம்." வீபியுஸ் வாளின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "போன தடவை அவன் ஓங்கினான். இந்தத் தடவை என் முறை."

"நீங்க போக வேண்டாம்."

"நீங்க எழுதினதுதானம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை.

எதிரே பெரிய சாலை. பேருந்துகள் வேகமாக வந்துகொண்டிருந்தன. யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாது. நடுச்சாலையில் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி வண்டிகளை நிறுத்தினேன். ஒன்பதாயிரம் பேரும் கடந்து முடிக்கச் சாயங்காலம் ஆனது.