உணவுச் செடி: தெரியவில்லை

தெருவே 'பூச்சி சார்' என்று கூப்பிடும் அந்த ஆய்வாளர் பன்னிரண்டு வருடம் மாடாய் உழைத்து எழுதிய அந்துப்பூச்சி நூல், மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். நாற்பத்தோராம் பக்கம்தான் மானத்தை வாங்கியது. சாம்பல்கரை அந்து. பரவல்: மலையடிவாரம் மட்டும், நகரத்தில் இல்லை. புழுவின் உணவுச் செடி: தெரியவில்லை.

இதை எழுதவா இத்தனை படிப்பு? அந்த ஒரு வார்த்தையை அழிப்பதற்காகவே வருடா வருடம் மலைக்குப் போய், அட்டைக்கு ரத்தம் கொடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பியவர் அவர். ஊசி குத்திக் காயவைத்த அந்து என்றால் பத்தடி தள்ளி நின்றே இனம் சொல்வார். உயிரோடு நெளிகிற புழு என்றால் மட்டும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

"ஏங்க, நந்தியாவட்டையில மறுபடியும் புழு!" என்று மனைவி கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

சோப்புத் தண்ணீர் மக்கோடு போய், புழுக்களைப் பொறுக்கி அதில் போட்டார். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே மரியாதையான வேலை இது.

"பதினேழு!" என்று மக்கைக் காட்டினார்.

"ரொம்பப் பீத்திக்காதீங்க. போன மாசம் ஒண்ணைப் பிடிச்சு பாட்டில்ல வளர்த்தேன். இன்னைக்கு ரெக்கையோட வந்துடுச்சு. உங்க ஆளான்னு பாருங்க."

காப்பித்தூள் பாட்டிலுக்குள், இறக்கை ஓரத்தில் சாம்பல் கரை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்: சாம்பல்கரை அந்துவேதான்.

"ஐயோ! எத்தனை வருஷமா இதைக் கொல்றேன்?"

"கல்யாணம் ஆனதுலேருந்து. என்ன பூச்சின்னு அப்பவே கேட்டேன். 'சும்மா புழு'ன்னீங்க."

மக்கில் கையை விட்டுப் பதினேழையும் அள்ளித் துண்டில் பரப்பினார். ஐந்து நெளிந்தன. அவற்றைத் திரும்பச் செடியிலேயே விட்டார்.

"என் செடி?"

"சாப்பிட்டுப் போகட்டும்மா!"

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மேஜைக்கு ஓடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்துத் திருத்தினார். பரவல்: மலையடிவாரம், ஆய்வாளர் வீட்டுக் கொல்லை. உணவுச் செடி: நந்தியாவட்டை. கண்டறிந்தவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைக் கடைசிவரை படித்தாள். 'இயற்கை எதிரிகள்: குளவி, பல்லி' என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சே."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, பல்லிக்கு அடுத்தபடி 'நூலாசிரியர்' என்று எழுதினார்.