ஓட்டுநரிடம் போன கை

நடத்துநரின் வலது கை ஏறக்குறைய ஒரு மாதம் ஓட்டுநரின் விலாவில் இருந்தது. தவறு தையல்காரியுடையது. பேருந்துப் பணிமனைக்குச் சீருடை தைக்கும் அந்தக் கடையில், இரண்டு சட்டைகளுக்கு வெட்டிய துணி ஒரே கட்டாகக் கிடந்தது. கடையை நடத்திய அண்ணியோடு, மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டபடியே அவள் மிஷினை மிதித்தாள். ஒரு சட்டைக்கு மூன்று சட்டைக்கை, இன்னொன்றுக்கு ஒன்றே ஒன்று. இஸ்திரி போட்டு, மடித்து, அனுப்பியும் விட்டாள். விடியுமுன் அவசரமாக மாட்டிக்கொண்ட இருவரும் வண்டி கிளம்பிய பிறகுதான் கவனித்தார்கள். ஓட்டுநரின் அக்குளுக்குக் கீழே புதிதாக ஒரு கை, காற்றில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தது. நடத்துநருக்கோ வலது தோளோடு சட்டையும் முடிந்திருந்தது, கையும் முடிந்திருந்தது. வலி இல்லை. சில்லறை கொடுப்பதுதான் சிரமமாக இருந்தது.

மாலையில் இருவரும் கடைக்கு வந்தார்கள்.

“ஏம்மா, சட்டையைத்தானே வெட்டச் சொன்னேன், ஆளையா வெட்டச் சொன்னேன்?” என்றார் நடத்துநர். கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் தெரிந்தது.

“எனக்கு மட்டும் என்ன சுகமா? சாப்பிட உட்கார்ந்தா இவன் கை என் தட்டுக்கு முந்திக்குது,” என்றார் ஓட்டுநர்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். “ஊரே சிரிக்கப்போகுது. கடையை மூடிட வேண்டியதுதான்.”

“சிரிக்கட்டும் அண்ணி. எடுத்தது நான், வைக்கிறதும் நான்தான்,” என்றாள் தையல்காரி.

மாத முடிவுக்குள் கை திரும்பாவிட்டால் நடத்துநரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பணிமனையில் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்ததும் இருவரும் தினமும் கடைக்கு வந்தார்கள். அவள் ஓட்டுநரின் சட்டையில் தையலைப் பிரிப்பாள். கை சட்டைக்கையோடு வெதுவெதுப்பாகக் கழன்று வரும். அதை நடத்துநரின் சட்டையில் வைத்து மிஷினில் தைப்பாள். காலையில் அது பழையபடி ஓட்டுநரிடம் இருக்கும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது; அவளுக்கு ‘மூணு கை’ என்று பட்டப்பெயர் வந்தது. அவள் தலை நிமிரவில்லை. பிரிக்கும்போது அந்தக் கை நூலை இழுத்துப் பிடித்துக் கொடுத்தது, கீழே விழுந்த ஊசிகளைப் பொறுக்கியது. நடத்துநர் இடது கையால் பாதி சிந்தியபடி தேநீர் வாங்கி வந்தார். பகலெல்லாம் சும்மா இருக்கப் பிடிக்காமல் கை மெல்ல ஸ்டியரிங்கையும் பிடிக்க ஆரம்பித்தது.

கெடு முடியும் நாளில் இருவரும் விடுப்பு எடுத்துக் காலையிலேயே வந்துவிட, அவள் மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். மின்விசிறியை முழுசாக அண்ணி பக்கம் திருப்பினாள். “யாரும் பேசக்கூடாது,” என்று சொல்லிவிட்டு, கைத்தையல் ஊசியில் நூல் கோத்தாள். காலையில் உட்கார்ந்தவள், கையை நடத்துநரின் தோளோடு நெருக்கி நெருக்கித் தைத்து, பொழுது சாயும்போது கடைசி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

“நான் பிடிக்கலைங்க. அதுவா பிடிக்குது,” என்றார் நடத்துநர்.

“பரவாயில்ல, விடாதீங்க. தையல் இறுகட்டும்,” என்றாள்.

அடுத்த வருடம் அவளுக்கும் நடத்துநருக்கும் கல்யாணம் ஆனது. கை பிறகு எங்கும் போகவில்லை. ஆனால் ஓட்டுநரிடம் கற்றதை அது மறக்கவும் இல்லை. வளைவு வருவதற்குச் சற்று முன், நடத்துநர் டிக்கெட் கட்டை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். வலது கை உயர்ந்து காற்றில் ஒரு சுற்றுச் சுற்றும். அதைப் பார்த்ததும் பயணிகள் பேச்சை நிறுத்தாமலே கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.