முதலில் வந்தது முதலில் போகும்

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வெங்கட் ஸ்டோர் பொறுப்பாளர். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'நடமாடும் களஞ்சியம்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வாட்ஸப் குழுவில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு துணுக்குப் போடுவார். ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று. வெண்பாவின் ஈற்றடிக்குச் சீர் மூன்று. எல்லாரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழுவின் சத்தத்தை அடைத்துவிட்டுப் பல் துலக்கப் போவார்கள்.

அவருடைய ஸ்டோரில் ஒரே சட்டம்தான். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் வந்த தேதி எழுதிய பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கும். புதுப் பெட்டி ரேக்கின் பின்பக்கம் நுழையும். பழையது முன்னால் நகர்ந்து, போகத் தயாராக வாசலில் நிற்கும்.

ஆயுத பூஜையன்று ரேக்குகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் அஜித்குமார் சும்மா இருக்கமாட்டாமல் வாயைக் கிளறினான்.

"இவ்ளோ சங்கதியும் எங்கண்ணா வெச்சிருக்கீங்க? உள்ள எடம் பத்துதா?"

வெங்கட் ஒரு பச்சைச் சீட்டை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டினார். அதன்மேல் சந்தனத்தை அப்பிக்கொண்டு ரேக்குகளின் வரிசையில் போய் நின்றார்.

"இதுவும் ஒரு ரேக்குதாண்டா தம்பி. இதுக்கும் அதே சட்டந்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். தட்டு வைத்திருந்தவர் சிரிப்போடு சிரிப்பாக அவருக்கும் கற்பூரம் காட்டினார். காற்றில்லாத கூடத்தில் சுடர் வளைந்து அவர் நெற்றியைத் தொட்டது. சுடவில்லை. சில்லென்று இருந்தது.

சாயங்காலம் சீட்டு உரிந்து வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வெளுத்த கட்டம் ஒன்று மட்டும் எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான பொது அறிவுப் போட்டி பொங்கல் கழிந்து வருவதாக இருந்தது. வெங்கட் படிக்க உட்கார்ந்தார். ஒருமுறை பார்த்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட அதன் ஒரு சுழற்சி நீளம். உள்ளே. முதல் பானிபட் போர் எந்த ஆண்டு? உள்ளே. 'மூளைன்னா இதல்லவா மூளை' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அந்த வாரம் போன் அடித்தது.

"என்னாடா கண்ணு, சாப்டியா?"

"யாருங்க பேசறது?"

"நாந்தாண்டா!"

"நாந்தான்னா? பேரு சொல்லுங்கம்மா."

மனைவி சுகுணா போனைப் பிடுங்கினாள். பேசியது சாமல்பட்டியிலிருந்து அவருடைய தாய் நாகம்மாள்.

பேசி முடித்த சுகுணா அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மாவின் தாலாட்டு? தெரியவில்லை. மடியின் வாசம்? தெரியவில்லை. தொட்டில் கட்டின சேலையின் நிறம்? அதுவும் இல்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இது அம்மா" என்றார் உடனே.

"ஏங்க, குரலு போயிருக்குது, மொகம் இருக்குதே?"

வெங்கட்டுக்கு ஸ்டோர் கணக்கு தெரியாதா? "வயித்துல இருக்கறப்பவே குரல் வந்துருமாம். மொகம் அப்பறந்தான் வரும். வந்த வரிசையில போகுது."

அவள் அவர் நெற்றிக் கட்டத்தையே பார்த்தாள். "அப்ப அடுத்தது?"

அவர் கண்ணை மூடினார். ரேக்கின் வாசலில் அம்மாவின் முகம் வந்து நின்றிருந்தது, லாரி வருவதற்குக் காத்திருக்கும் பெட்டி மாதிரி. பின்னால் ஏதோ ஒன்று அதை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.

"போட்டியே வேணாங்க."

"எம்.டி. கப்பு வெக்க ஷோகேஸே செஞ்சுட்டார் சுகுணா! தெரிஞ்சதைச் சொன்னா ஒண்ணும் ஆகாது. புதுசா எதுவும் உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான்."

முடிவாக, பிரஸ் ஷாப்பில் இரைச்சலுக்குப் போடும் ஆரஞ்சுக் காதடைப்பான்களைக் கயிறோடு கழுத்தில் மாட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. தெரியாத கேள்வி வந்தால் உடனே இரண்டு காதையும் அடைத்துவிட வேண்டும். சுகுணா தன் பங்குக்கு நாகம்மாளைப் பஸ்ஸில் வரவழைத்தாள். 'எதிர்லயே உக்காந்திருந்தா எப்படி மறக்கும்?' என்பது அவள் கணக்கு.

கல்யாண மண்டபத்தில் போட்டி. 'கற்றது கைம்மண்ணளவு' என்ற தலைப்பில் தலைவர் முக்கால் மணி நேரம் பேசி, தனக்கு அந்தக் கைம்மண்ணும் இல்லை என்பதை நிரூபித்துவிட்டு உட்கார்ந்தார். கேள்வி கேட்க வந்த தங்கமணி மேடம் மைக்கைத் தட்டினார். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் பிறந்த ஊர்? பக்கத்து ஊராயிற்றே, மண்டபமே "தொரப்பள்ளி!" என்று கத்தியது. நடுவர்கள் முறைத்தார்கள். அதன்பின் வெங்கட் வெளுத்துவாங்கினார். எதிரணிக்குத் தெரியாதது ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வரிசையில் நாகம்மாள் ஒன்றும் புரியாமல், மற்றவர்கள் கை தட்டும்போதெல்லாம் தானும் தட்டினாள். கோப்பை உறுதியாகிவிட்டது. பாக்கி ஒரே கேள்வி.

"இறகுப்பந்தில் எத்தனை இறகுகள்?"

வெங்கட்டுக்குத் தெரியவில்லை. எதிரணியும் உதட்டைப் பிதுக்கியது. முதல் வரிசையில் சுகுணா எழுந்து நின்று, தன் இரண்டு காதையும் பொத்திக் காட்டினாள். வெங்கட் காதடைப்பான்களைத் திணித்துக்கொண்டார். தங்கமணி மேடத்தின் உதடுகள் அசைந்தன. மண்டபம் முழுவதும் 'அட!' என்று வாய் பிளந்தது.

தப்பித்தார். அம்மாவின் முகம் எதிரே இருந்தது. உள்ளேயும் இருந்தது.

ஆனால் மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அவருக்கு மட்டும் தெரியாது. டீ ஊற்ற வந்தவருக்குத் தெரியும். அஜித்குமாருக்குத் தெரியும். அதுவும் எண்ணிக்கை! ஸ்டோர்காரருக்கு எண்ணிக்கை தெரியாதா? நாளைக்குக் கேன்டீனில் அந்தப் பையன் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பான்: 'அண்ணா, உங்களுக்குத் தெரியுமா?'

அவருடைய கை காதுக்குப் போனது. சுகுணா "ஏங்க, வேணாங்க!" என்று அலறியதுதான் அந்தக் காதில் விழுந்த முதல் சத்தம்.

"மேடம், என்ன சொன்னீங்க?"

"பதினாறு சார்" என்றார் தங்கமணி மேடம்.

நெற்றிக் கட்டம் சில்லென்றது. எங்கோ ஒரு ஷட்டர் இறங்கியது.

சால்வை, கோப்பை, கைதட்டல். மேடையை விட்டு இறங்கியவர் சுகுணாவிடம் வந்தார். அவளுடைய கையைப் பிடித்தபடி ஒரு வயதான பெண்மணி நின்றிருந்தாள். அவரைப் பார்த்துக் கையை நீட்டி, "வெங்கட்டு" என்றாள்.

"யாரு சுகுணா இவங்க? உங்க ஊர்க்காரங்களா?"

சுகுணா அவர் நெற்றிக் கட்டத்தைப் பார்த்தாள்.

வெங்கட் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். வாசல் காலியாகிவிடவில்லை. அடுத்த சரக்கு நகர்ந்து வந்து நின்றிருந்தது. வெங்கட்டு என்று, யாரோ யாருக்கோ ஆசையாக வைத்த ஒரு பெயர்.

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதிரே நின்ற பெண்மணி அழுதுகொண்டிருந்தாள். பெரியவர்களிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசுவதுதானே பண்பு?

"உக்காருங்கம்மா" என்றார் வெங்கட், கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. "உங்களுக்குத் தெரியுமா? இறகுப்பந்துக்குப் பதினாறு எறகு."