வாசலில் ஒரு செயலாய்வு

பால் காய்ச்சுகிறேன். மகளை எழுப்புகிறேன். பல் தேய்த்து விடுகிறேன். சீருடை, தலைவாரல், பை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. வாசலுக்கு வந்ததும் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

"அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"நீ நல்லாப் படிக்கணும்னு சொன்னா. கிளம்பு."

என் மனைவி இறந்த அன்று அக்கா சொல்லிவைத்த பதில் அது. பிள்ளைக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். தினமும் கேட்கிறாள், தினமும் சொல்கிறேன், அவள் அசைவதில்லை. தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறேன். அவளுக்கும் பள்ளி, எனக்கும் பள்ளி. நான் கணக்கு வாத்தியார். இனி தாமதமானால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் ஆசிரியர் பயிற்சி வேறு. செயலாய்வு செய்ய வேண்டுமாம். தினமும் உங்களைப் படுத்தும் ஒரு பிரச்சினையை எடுங்கள், ஒன்றை மாற்றிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று கவனியுங்கள், யோசித்து மறுபடி மாற்றுங்கள் என்றார் பயிற்சி நடத்தும் மேடம். வகுப்பறைதான் என்றில்லை, வீடும் ஆகும் என்றார். நான் வாசலை எடுத்துக்கொண்டேன்.

முன்னதாக எழுப்பினேன். கூடுதல் நேரம் உட்கார்ந்தாள். நாடா இல்லாத ஷூ வாங்கினேன். அதையும் மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பினால் ஸ்டிக்கர் என்றேன். ஸ்டிக்கரை வாங்கி என் சட்டையில் ஒட்டினாள்.

அக்கா போனில் சிரித்தாள். "டேய், அது பிள்ளைடா, ஆய்வுக்கூடத்து எலி இல்ல. ரெண்டு அதட்டல் போடு, தானா கிளம்பும்."

அதட்டினேன். அழுதாள். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேரத்த மாத்தியிருக்கீங்க, ஷூவ மாத்தியிருக்கீங்க. அவ கேக்கற கேள்விக்கு நீங்க சொல்ற பதில் மட்டும் அப்படியே இருக்கே சார்?"

"அது பதில் மேடம். அதுல மாத்த என்ன இருக்கு?"

"செயலாய்வுல நாம பாக்க வேண்டியது நம்மளத்தான். பிள்ளைய இல்ல."

பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

திங்கட்கிழமை பின்னம் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே பாடியது. கணக்கு ஒன்று கொடுத்துப் பார்த்தேன், ஒருவருக்கும் வரவில்லை. எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னால் நான் விட்டுவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலை. ஷூ மடியில் இருந்தது.

"அம்மா கடைசியா என்ன சொன்னா?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்லாப் படிக்கணும்னு அம்மா சொல்லல. அது அத்தை சொன்னது."

"தெரியும். அம்மா அப்படில்லாம் பேசவே மாட்டா."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன் என்றேன். அம்மா மூக்கைச் சுளித்தாள் என்றேன். பிறகு, அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இந்தத் தலகாணி ஒரே மருந்து நாத்தம். போய் வேற வாங்கிட்டு வா."